"அறுபத்து நான்கு" என்றார்கள்: வேகத் தண்டமும் சான்றைப் பார்க்கும் உரிமையும்

ஏ9 வீதியில் ஒரு முற்பகல். ஆனையிறவைத் தாண்டி யாழ்ப்பாணம் நோக்கி மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். பின்னால் அம்மா இருந்தார். மர நிழலிலிருந்து ஒரு பொலிஸ் உத்தியோகத்தர் வீதிக்கு இறங்கிக் கையைக் காட்டினார். நிறுத்தினேன்.

"மல்லி, ஸ்பீட் வெடி. சிக்ஸ்டி ஃபோர்."

வேகம் கூட, அறுபத்து நான்கு என்கிறார். லைசென்ஸைக் கேட்டார், கொடுத்தேன். பத்திரம் எழுதித் தந்தார், வாங்கினேன். எந்தக் கருவியால் அளந்தார்கள், எங்கே நின்று அளந்தார்கள், அந்த 64 என்னுடைய வேகமா அல்லது சற்று முன் என்னை முந்திக்கொண்டு போன வானின் வேகமா என்று கேட்க வாயெடுத்தேன். அம்மா முதுகில் மெல்லத் தட்டினார். "தம்பி, ஒண்டும் கேக்காத. வாங்கிக்கொண்டு வா."

அடுத்த நாள் தபாலகத்தில் காசைக் கட்டினேன். பற்றுச்சீட்டைக் கொண்டுபோய்க் காட்டி லைசென்ஸைத் திரும்ப எடுத்தேன். அத்தோடு எல்லாம் முடிந்தது. நான் 64இல் போனேனா இல்லையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. போயிருக்கவும் கூடும். ஆனால் அதைத் தெரிந்துகொள்ள எனக்கு உரிமை இருந்தது என்பதும், அந்த உரிமையை நானே தபாலகத்தில் கட்டி முடித்துவிட்டேன் என்பதும் பிறகுதான் விளங்கியது.

அதன்பிறகு சட்டத்தரணிகளிடமும் ஓட்டோ ஓட்டும் நண்பர்களிடமும் கேட்டும், சட்டங்களை எடுத்து வாசித்தும் அறிந்தவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். இது ஒரு சட்டத்தரணியின் ஆலோசனைக்கு ஈடாகாது. எதைக் கேட்கலாம், எப்போது கேட்கலாம், எங்கே கேட்கலாம் என்பதற்கான ஒரு கைவிளக்கு மட்டுமே.

கையில் தரப்படுவது தீர்ப்பு அல்ல

வீதியில் எழுதித் தரப்படும் தண்டப்பணப் பத்திரத்தை எங்களில் பெரும்பாலானோர் தீர்ப்பாகவே பார்க்கிறோம். அது அப்படியல்ல. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் ஒரு குற்றம் செய்ததாக உங்கள்மீது சொல்லப்படும் குற்றச்சாட்டு அது. கூடவே, நீதிமன்றம் போகாமல் குறித்த தொகையைக் கட்டி விடயத்தை முடித்துக்கொள்ளலாம் என்ற ஒரு வாய்ப்பும் அதில் இருக்கிறது.

நடைமுறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பொலிஸார் சாரதி அனுமதிப்பத்திரத்தை எடுத்துக்கொண்டு பத்திரத்தைத் தருவார்கள். 14 நாட்களுக்கு அந்தப் பத்திரமே தற்காலிக அனுமதிப்பத்திரம். அதற்குள் தபாலகத்தில் கட்டினால் எழுதிய தொகை. 14 நாள் கடந்து 28 நாட்களுக்குள் கட்டினால் இரட்டிப்பு. அதையும் தாண்டினால் நீதவான் நீதிமன்றத்தில் வழக்கு. 2025இல் தொடங்கிய கவ்பே மூலம் தண்டத்தைக் கைத்தொலைபேசியிலேயே கட்டும் வழியும் வந்திருக்கிறது. கட்டுவது இலகுவாக இலகுவாக, கேட்பது குறைந்துகொண்டு போகும்.

கட்டிய கணத்தில் அந்தக் குற்றச்சாட்டு முடிந்துவிடுகிறது. அதன்மேல் வழக்கு இல்லை. வழக்கு இல்லையென்றால், சான்றைக் காட்டு என்று கேட்பதற்கான இடமும் இல்லை. ஆகவே யோசிக்க வேண்டியவற்றை எல்லாம் கட்டுவதற்கு முன்னரே யோசிக்க வேண்டும்.

வேகத்துக்கான சான்று மூன்று பகுதிகள் கொண்டது

"64" என்ற எண் மட்டும் ஒரு குற்றத்தை நிரூபிக்காது. எந்த வாகனம், எந்த இடம், எந்த அளவீடு ஆகிய மூன்றும் ஒன்றாகப் பொருந்த வேண்டும்.

முதலில் இடம். இலங்கையில் கார், மோட்டார் சைக்கிள் போன்றவற்றுக்குக் கட்டடங்கள் நெருங்கிய பகுதிகளில் மணிக்கு 50 கிலோமீற்றரும் ஏனைய வீதிகளில் 70 கிலோமீற்றரும் உச்ச வேகம். முச்சக்கரவண்டிக்கு 40. பஸ்ஸுக்கும் லொறிக்கும் வேறு எல்லைகள் உண்டு. என்னுடைய 64ஐ இதில் வைத்துப் பாருங்கள். சந்தியும் கடைகளும் உள்ள ஊர்ப்பகுதியில் அது குற்றம். வயலும் வெளியுமாகக் கிடக்கும் பகுதியில் அது குற்றமே அல்ல. குடாநாட்டுக்குள் ஏ9 வீதி பளை, கொடிகாமம், சாவகச்சேரி, கைதடி, நாவற்குழி என்று ஊரும் வெளியும் மாறிமாறி வரும் வீதி. எங்கே ஊர் தொடங்குகிறது, எங்கே முடிகிறது, அங்கே வேகத்தைச் சொல்லும் பலகை நிற்கிறதா என்பதெல்லாம் சான்றின் பகுதிதான்.

பத்திரம் வாங்கியபின் நான் அந்த இடத்துக்குத் திரும்பிப் போய்ப் பலகையைத் தேடவில்லை. தேடியிருக்க வேண்டும். இப்போதெல்லாம் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுப்பதற்கு ஒரு நிமிடம்கூடத் தேவையில்லை.

இரண்டாவது அளவீடு. நீதிமன்றம் விதிக்கும் தண்டம், எல்லையை எத்தனை வீதத்தால் மீறினீர்கள் என்பதைப் பொறுத்துப் படிப்படியாகக் கூடும். 50 கிலோமீற்றர் பகுதியில் 60 என்பது 20 வீத மீறல். 64 என்பது 28 வீதம். 66 என்றால் 32 வீதம். ஒன்றிரண்டு கிலோமீற்றர் வித்தியாசம் உங்களை அடுத்த படிக்குத் தள்ளிவிடலாம். அதனால்தான் "ஏதோ கொஞ்சம் கூடத்தான் போனேன்" என்று விட்டுவிடாமல் சரியான எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வாகனம். இதை விளங்கிக்கொள்ளக் கருவி எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

கருவி என்ன பார்க்கிறது

வேகம் அளக்கும் கருவிகளில் இரண்டு வகை பொதுவானவை. ஒன்று ரேடார். அது வானொலி அலையை அனுப்புகிறது. ஓடிவரும் வாகனத்தில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் மாறியிருக்கும். கிட்ட வரும் ரயிலின் கூவல் உயர்ந்தும் விலகிப் போகும்போது தாழ்ந்தும் கேட்பது போன்றது அது. அந்த மாற்றத்திலிருந்து வேகம் கணிக்கப்படுகிறது. மற்றது லேசர். அது மிகக் குறுகிய ஒளித் துடிப்புகளை அடுத்தடுத்து அனுப்பி, வாகனத்துக்கான தூரம் எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்று பார்க்கிறது.

வித்தியாசம் கதிரின் அகலத்தில் இருக்கிறது. லேசர்க் கதிர் 300 மீற்றர் தூரத்தில் ஏறத்தாழ ஒரு மீற்றர் அகலம்தான் இருக்கும். ரேடார்க் கதிர் அதே தூரத்தில் வீதியின் முழு அகலத்தையும் மூடிவிடும். அதற்குள் ஒரு மோட்டார் சைக்கிளும் ஒரு வானும் ஒன்றாக வந்தால், பெரிய உலோக உடம்புள்ள வானிலிருந்துதான் அலை பலமாகத் திரும்பும். கருவி ஒரு எண்ணைக் காட்டும். அது எந்த வாகனத்தின் எண் என்பதை, கருவியைப் பிடித்திருப்பவர்தான் தன் கண்ணால் தீர்மானிக்கிறார்.

இதன் எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். வீதியோரத்தில் சரிவான கோணத்தில் நின்று அளந்தால் கருவி உண்மையான வேகத்தைவிடக் குறைவாகவே காட்டும். "பக்கத்தில் நின்று அளந்ததால் கூடக் காட்டிவிட்டது" என்ற வாதம் நிற்காது. தெரியாமல் அதைச் சொல்லி நீதிமன்றத்தில் உங்கள் நம்பகத்தன்மையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

எந்தக் கருவியும் காலத்துக்குக் காலம் சரிபார்க்கப்பட வேண்டும். அரிசிக்கடைத் தராசுக்கு முத்திரை குத்துகிறார்கள் அல்லவா, அதுபோலத்தான். கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள், அன்று வேலை தொடங்கும்போது சோதித்துப் பார்த்தார்களா, கருவியைப் பிடித்தவர் அதற்குப் பயிற்சி பெற்றவரா என்ற கேள்விகள் உலகெங்கும் வேக வழக்குகளில் கேட்கப்படுபவை. படமும் காணொளியும் பதியும் கருவியென்றால் மேலும் ஒரு கேள்வி உண்டு: அந்தப் படம் எங்கே?

வீதியில் கேட்கக்கூடியவை

வீதியோரத்தில் நின்றபடியே திரையைக் காட்டியாக வேண்டும் என்று சட்டத்தை மேற்கோள் காட்டிச் சண்டை பிடிக்க வேண்டாம். உங்கள் உரிமை முழுப் பலத்தோடு நிற்பது நீதிமன்றத்தில்தான். ஆனால் பணிவாகக் கேட்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. "ஐயா, ஒருக்கா அந்த வேகத்தைப் பாக்கலாமா?" என்று கேட்பது பொலிஸாரின் கடமைக்கு இடையூறு ஆகாது. காட்டினால் எண்ணையும் நேரத்தையும் பாருங்கள். காட்ட மறுத்தால், மறுத்தார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

குறிக்க வேண்டியவை இவ்வளவுதான்: நேரம், சரியான இடம், அதாவது கிட்டவுள்ள கடை, கோயில், மதகு அல்லது கிலோமீற்றர்க் கல், சொல்லப்பட்ட வேகம், உத்தியோகத்தரின் பெயரும் இலக்கமும், கருவியைப் பிடித்தவரும் பத்திரம் எழுதியவரும் ஒருவரா, இருவரா, பக்கத்தில் வந்த வாகனங்கள், கூட வந்தவர் யார். அன்று இரவே எழுதி வையுங்கள். நான்கு மாதம் கழித்து வழக்குக் கூப்பிடும்போது, நினைவிலிருந்து சொல்லும் சாட்சியை விடக் கையிலுள்ள குறிப்பு உறுதியானது.

பத்திரம் எழுதாமல் "முடிச்சுக்கொள்ளும்" வழியைச் சிலர் நாடுவதும் எங்களுக்குத் தெரியும். லஞ்சம் வாங்குவது போலவே கொடுப்பதும் குற்றம். சான்றைப் பார்க்கும் உரிமையை அடியோடு விற்றுவிடும் வழியும் அதுதான்.

நீதிமன்றத்தில் கிடைப்பவை

குடாநாட்டில் யாழ்ப்பாணம், மல்லாகம், சாவகச்சேரி, பருத்தித்துறை, ஊர்காவற்துறை ஆகிய இடங்களில் நீதவான் நீதிமன்றங்கள் உள்ளன. தண்டத்தைக் கட்டாமல் விட்டால், அல்லது மீறல் பெரிதென்று பொலிஸார் நேராக வழக்குத் தாக்கல் செய்தால், இவற்றில் ஒன்றில் உங்கள் பெயர் கூப்பிடப்படும். குற்றச்சாட்டு வாசிக்கப்படும். குற்றவாளி என்று ஒப்புக்கொண்டால் அங்கேயே தண்டம் விதிக்கப்படும். சுற்றவாளி என்றால் விசாரணைக்குத் திகதி குறிக்கப்படும். வரிசையில் நின்று ஒரு சொல்லில் எல்லாம் முடிந்துவிடும் அந்த அரை நிமிடத்தில்தான் சான்றைப் பார்க்கும் உரிமை பிழைக்கிறது அல்லது போய்விடுகிறது.

சுற்றவாளி என்று சொன்னவருக்கு என்ன கிடைக்கிறது?

அரசியலமைப்பின் 13(3)ஆம் உறுப்புரை, குற்றம் சாட்டப்பட்ட எவரும் நேரிலோ சட்டத்தரணி மூலமோ நியாயமான விளக்கத்தில் செவிமடுக்கப்படும் உரிமையைத் தருகிறது. 13(5)ஆம் உறுப்புரையின்படி, குற்றவாளி என்று நிரூபிக்கப்படும்வரை நீங்கள் சுற்றவாளியே. நிரூபிக்கும் பொறுப்பு பொலிஸாருடையது. நீங்கள் 64இல் போகவில்லை என்று நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை.

இந்த "நியாயமான விளக்கம்" என்பதற்குள் சான்றைப் பார்ப்பதும் அடங்குமா என்ற கேள்விக்கு, விஜேபால எதிர் சட்டமா அதிபர் என்ற வழக்கில் உயர் நீதிமன்றம் பதில் சொல்லியிருக்கிறது. 2001ஆம் ஆண்டின் இலங்கைச் சட்ட அறிக்கைகளில் வெளியான அந்தத் தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ. நியாயமான விளக்கத்துக்கு அவசியமான எல்லாமே அந்த உரிமைக்குள் அடங்கும் என்றும், முக்கிய சாட்சிகள் பொலிஸாருக்குக் கொடுத்த வாக்குமூலங்களின் பிரதிகளும் அதில் சேரும் என்றும் அவர் விளக்கினார். அது வேக வழக்கு அல்ல. ஆனால் அந்தக் கோட்பாடு குற்றத்தின் பருமனைப் பார்ப்பதில்லை.

2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க, சிவில் மற்றும் அரசியல் உரிமைகள் தொடர்பான சர்வதேச ஒப்பந்தச் சட்டமும், எதிர்த்தரப்புச் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமையைச் சொல்கிறது. பத்திரம் எழுதியவரை மட்டுமல்ல, கருவியைப் பிடித்தவரையும் கூண்டில் ஏற்றிக் கேட்கலாம்.

படமோ காணொளியோ இருந்தால் இன்னொரு சட்டம் உங்களுக்கு உதவும். அது 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க, சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டம். இயந்திரப் பதிவைச் சான்றாக முன்வைக்க விரும்பும் தரப்பு, விசாரணைத் திகதிக்குக் குறைந்தது 45 நாட்களுக்கு முன்னர் மறுதரப்புக்கு அறிவித்தல் தர வேண்டும். அறிவித்தல் கிடைத்து 15 நாட்களுக்குள் நீங்கள் விண்ணப்பித்தால், அந்தப் பதிவை மட்டுமல்ல, அதைப் பதிந்த கருவியையும் அது சம்பந்தப்பட்ட பதிவேடுகளையும் பார்வையிட வாய்ப்புத் தர வேண்டும். தராவிட்டால் அந்தச் சான்றை முன்வைக்க அனுமதி இல்லை. 2006ஆம் ஆண்டின் மின்னணுக் கொடுக்கல்வாங்கல் சட்டத்திலும் மின்னணுச் சான்று பற்றிய வேறு ஏற்பாடுகள் இருக்கின்றன. எந்தச் சட்டம் உங்கள் வழக்குக்குப் பொருந்தும் என்பது சட்டத்தரணி வாதாட வேண்டிய விடயம். ஆனால் "படத்தைப் பார்க்க வேண்டும்" என்ற விண்ணப்பத்தை முதல் தவணையிலேயே வைத்துவிடுவது நல்லது.

படமே இல்லாத பழைய வகைக் கருவியென்றால், சான்று உத்தியோகத்தரின் வாய்மொழிதான். அப்போது மேலே சொன்ன மூன்று கேள்விகளும் குறுக்கு விசாரணைக் கேள்விகளாக மாறும்.

சட்டத்தரணி வைக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தில் ஆலோசனை கேட்கலாம்.

விளங்காத மொழியில் ஒரு குற்றச்சாட்டு

சிங்களத்தில் நிரப்பிய பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன குற்றம் என்றே தெரியாமல் தபாலகத்தில் நின்றவர்களைக் கண்டிருக்கிறேன். சான்றைப் பார்ப்பதற்கு முன்னர் குற்றச்சாட்டையாவது வாசிக்க முடிய வேண்டும்.

அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழ் நிர்வாக மொழி. 24ஆம் உறுப்புரைப்படி இங்குள்ள நீதிமன்றங்களின் மொழியும் தமிழ். வாக்குமூலம் எடுத்தால் அது தமிழில் எழுதப்பட வேண்டும் என்று கேளுங்கள். விளங்காத எதிலும் கையொப்பம் இட வேண்டாம். இட வேண்டி வந்தால், "எனக்கு வாசித்து விளக்கப்படவில்லை" என்று தமிழில் எழுதிவிட்டு இடுங்கள். மொழி உரிமை மீறலை 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். உத்தியோகத்தரின் நடத்தை பற்றியது என்றால் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவிடமும், யாழ்ப்பாணத்தில் பிராந்திய அலுவலகம் கொண்ட மனித உரிமைகள் ஆணைக்குழுவிடமும் போகலாம்.

தகவல் அறியும் உரிமையும் அதிலுள்ள பொறியும்

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. பொலிஸ் திணைக்களமும் அதற்குக் கட்டுப்பட்டது. இலங்கைப் பிரஜை எவரும் விண்ணப்பிக்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாய்மொழியாகச் சொன்னால், தகவல் அலுவலர் அதை எழுத்தில் எடுக்க வேண்டும்.

கேள்வியைச் சுருக்கமாகவும் தெளிவாகவும் வையுங்கள். இன்ன திகதியில், இன்ன நேரத்தில், இன்ன இடத்தில் பயன்படுத்திய வேகம் அளக்கும் கருவியின் வகையும் இலக்கமும் என்ன? அது கடைசியாகச் சரிபார்க்கப்பட்ட சான்றிதழின் பிரதி எங்கே? அந்த இடத்துக்கு விதிக்கப்பட்ட உச்ச வேகம் என்ன? என்னுடைய வாகன இலக்கத்துக்குப் படமோ காணொளியோ பதிவாகியிருந்தால் அதன் பிரதி கிடைக்குமா? இந்த நான்கும் போதும்.

தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தருவதாக முடிவெடுத்தால், தருவதற்கு இன்னும் 14 நாள். மறுத்தால், அடுத்த 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யுங்கள். அவர் மூன்று வாரத்துக்குள் முடிவு தர வேண்டும். அதுவும் சரிவராவிட்டால், இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம்.

பொறி இங்கேதான் இருக்கிறது. பத்திரத்தின் 14 நாள் நாட்காட்டி நாட்கள். தகவல் அலுவலரின் 14 நாள் வேலை நாட்கள். சனி, ஞாயிறு, போயா எல்லாம் கழித்தால் அது மூன்று வாரத்தை எட்டிவிடும். பதில் வரும் முன்னரே உங்கள் தண்டம் இரட்டிப்பாகிவிடும். தகவல் விண்ணப்பம் தண்டத்தின் கடிகாரத்தை நிறுத்தாது. வழக்கொன்று நடக்கவிருக்கிறது என்ற காரணத்தைச் சொல்லிச் சில தகவல்களை மறுக்கவும் சட்டத்தின் 5ஆம் பிரிவில் இடமிருக்கிறது. ஆகவே இந்த ஒரு வழியை மட்டும் நம்பி இருக்காதீர்கள். வழக்காட முடிவெடுத்தவருக்கு இது துணை ஆயுதம். தண்டத்தைக் கட்டிவிட்டவருக்கும் இதனால் பயன் உண்டு: பணம் திரும்பாது, ஆனால் அந்த வீதியில் எந்தக் கருவி, எந்த நிலையில் பயன்பட்டது என்பது பதிவுக்கு வரும்.

பாக்குநீரிணைக்கு அப்பால்

தமிழ்நாட்டில் சாரதி இவ்வளவு அலையத் தேவையில்லை என்று சட்டப் புத்தகம் சொல்கிறது. இந்திய மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஓகஸ்டில் சேர்க்கப்பட்ட 167ஏ என்ற விதி, மின்னணுக் கருவி மூலம் எழுதப்படும் தண்ட அறிவித்தலோடு குற்றத்தையும் வாகன இலக்கத்தையும் தெளிவாகக் காட்டும் படம், கருவி காட்டிய அளவீடு, திகதி, நேரம், இடம் ஆகியவை இணைக்கப்பட வேண்டும் என்கிறது. அறிவித்தல் 15 நாட்களுக்குள் அனுப்பப்பட வேண்டும். விடயம் முடியும்வரை பதிவு அழிக்கப்படக் கூடாது. கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் சான்றிதழ் வேண்டும். அதாவது சான்றைச் சாரதி தேடிப் போவதில்லை. சான்றே வீட்டுக்கு வருகிறது.

கனடாவின் ஒன்ராறியோவில் இருக்கும் எங்கள் உறவினர்கள், தண்டத்தை எதிர்த்து வழக்காடத் தீர்மானித்தால், உத்தியோகத்தரின் குறிப்பு உட்பட வழக்குத் தொடுநரிடமுள்ள சான்றுகளை எழுத்தில் கேட்டுப் பெறுகிறார்கள். பிரித்தானியாவில், வேகமாகப் போனார் என்று ஒரேயொரு சாட்சி தன் அபிப்பிராயமாக மட்டும் சொன்னதை வைத்து எவரையும் குற்றவாளியாக்க முடியாது என்று 1984ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்து ஒழுங்குபடுத்தல் சட்டமே சொல்கிறது.

கொழும்பில் 2024 ஜனவரியில் சி.சி.ரி.வி. கமராக்கள் மூலம் போக்குவரத்துக் குற்றங்களைப் பிடிக்கும் முறை தொடங்கியது. இத்தகைய முறை வடக்குக்கும் வரும்போது, தமிழில் எழுதிய அறிவித்தலும் அதோடு இணைத்த படமும் வர வேண்டும் என்று இப்போதே கேட்டு வைப்பது நல்லது.

ஏன் கேட்பதில்லை

ஓட்டோ ஓட்டும் நண்பர் ஒருவர் சொன்ன கணக்கு இது. வழக்காடப் போனால் குறைந்தது இரண்டு, மூன்று தவணை. ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாள் உழைப்புப் போய்விடும். 14 நாள் முடிந்தபின் பத்திரத்தை வைத்து ஓட்டவும் முடியாது. லைசென்ஸ் பொலிஸில். பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றும் ஒப்பந்தம் கைவிட்டுப் போகும். "உரிமை இருக்கு. ஆனா அதை எடுக்கிற விலை தண்டத்தை விடக் கூட" என்றார். அவர் சொல்வது பிழையில்லை. வழக்காட நினைப்பவர் 14 நாள் முடியும் முன்னரே சட்டத்தரணியிடம் இதைப் பற்றிக் கேட்க வேண்டும். சாரதிச் சங்கங்கள் இப்படியான ஒரு வழக்கையாவது கடைசிவரை கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். தனி ஆளால் தாங்க முடியாத விலையைச் சங்கம் தாங்கலாம்.

ஆனால் காசுக் கணக்கு மட்டும்தான் காரணம் என்று நான் நினைக்கவில்லை. அம்மா என் முதுகில் தட்டியது காசை நினைத்து அல்ல.

இந்த வீதியில் நாங்கள் எத்தனை பேருக்கு நிறுத்தியிருக்கிறோம். தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓடினோம். 2002இல் பாதை திறந்தபோது முகமாலையில் இறங்கி நடந்தோம். வன்னிக்குள் வேகமாகப் போனதற்கு அங்கிருந்த காவல்துறை தண்டம் எழுதியபோது வாங்கிக்கொண்டோம். 2006 ஓகஸ்டில் பாதை மூடப்பட்டது. திறந்தபின் ஒவ்வொரு தடையிலும் அடையாள அட்டையை நீட்டினோம். நிறுத்தியவரின் சீருடை மாறியது. எங்கள் பழக்கம் மாறவில்லை. கேட்டவர் வீட்டுக்கு வராமல் போன காலத்தில், கேட்காமல் இருப்பது உயிரைக் காப்பாற்றியது. அம்மா அதைத்தான் எனக்குச் சொன்னார். அந்தக் காலத்துக்கு அது சரியான அறிவுரை.

வேகத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. 50இலிருந்து 70க்குப் போகும் வாகனத்தின் மோதும் சக்தி ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. போரில் பிழைத்த பிள்ளைகளை வீதியில் பறிகொடுத்த வீடுகள் எங்கள் ஊர்களில் இருக்கின்றன. வேகமாகப் போனவர் தண்டம் கட்டத்தான் வேண்டும். படத்தைப் பார்த்தபின் "ஓம், நான்தான்" என்று ஒப்புக்கொண்டு கட்டுவது ஒன்று. பார்க்காமல், பயத்தில் கட்டுவது இன்னொன்று. முதலாவதில் மட்டும்தான் ஒரு மனிதன் தன் பிழையைத் திருத்திக்கொள்கிறான்.

சில மாதங்களுக்குப் பின் வேறொரு வீதியில் மீண்டும் நிறுத்தினார்கள். அன்றும் அம்மா பின்னால் இருந்தார். "ஐயா, வேகத்தை ஒருக்காப் பாக்கலாமா?" என்று கேட்டேன். அந்த இளம் உத்தியோகத்தர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுக் கருவியைத் திருப்பிக் காட்டினார். 58. என் இலக்கத்தகடும் தெரிந்தது. வீதியின் இரு பக்கமும் கடைகள். பத்திரத்தை வாங்கிக்கொண்டேன்.

கொஞ்சத் தூரம் வந்தபின் அம்மா கேட்டார்: "காட்டினவனே?"

"காட்டினவர்" என்றேன்.

அதன்பிறகு வீடு வரும்வரை நான் 50ஐத் தாண்டவில்லை.